போஸ்டரைப் பார்த்து வருகிறார்கள், கொலைக்கு மார்க் போடுகிறார்கள்

ஜீவனஹள்ளி சலூன்களில் சினிமா பேச்சுக்கு மொழி வேலி கிடையாது. நாற்காலியில் இருப்பவர் தமிழில் ஆரம்பிப்பார், பெஞ்சில் முறைக்குக் காத்திருப்பவர் கன்னடத்தில் மறுப்பார், கத்தரிக்கோல் பிடித்தவர் இரண்டையும் கலந்து தீர்ப்புச் சொல்வார். காக்ஸ் டவுனை ஒட்டிய இந்தப் பேட்டையில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. 1809-ல் பெங்களூரில் வெள்ளைக்காரன் பட்டாளத்தைக் கொண்டுவந்து இறக்கியதிலிருந்து தொடங்கும் கதை அது. ரஜினியா, விஜய்யா, புனீத்தா என்று இங்கே தெருவுக்குக் கேட்கிற மாதிரி சண்டை போடுவார்கள். ஒரு வகைப் படத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் குரல் ஒரு படி இறங்கும். கொலையும் படுக்கையறையும் கலந்து, கையைக் கடிக்காத செலவில் எடுத்து, 'ஏ' முத்திரையோடு வரும் கிரைம் த்ரில்லர்.

குரல்தான் இறங்கும், கருத்து இறங்காது. இந்தப் படங்களைப் பார்த்தவர்கள் முதலில் குறை சொல்வது எதைப் பற்றி என்று கவனித்தால் வேடிக்கையாக இருக்கும். 'சீன்' போதவில்லை என்பது இரண்டாவது புகார்தான். இடைவேளைக்கு முன்பே கொலைகாரன் யாரென்று தெரிந்துவிட்டது, இன்ஸ்பெக்டர் மடையனாக இருக்கிறான், அவ்வளவு பெரிய பங்களாவில் ஒரு வேலைக்காரிகூடவா இல்லை, செல்போன் டவரைப் பார்த்தால் பத்து நிமிஷத்தில் பிடித்திருக்கலாமே... இவைதான் முதலில் வரும். சதையைக் காட்டி உள்ளே இழுத்த படத்துக்கு ரசிகர் மார்க் போடுவது கொலையைப் பார்த்து. தயாரிப்பாளர்கள் இதை இன்றுவரை நம்ப மறுக்கிறார்கள்.

இந்த வகைப் படங்களுக்கு ஏன் எப்போதும் ஒரு கொலை தேவைப்படுகிறது? ஆபாசத்தை விடக் கணக்குதான் காரணம். ஒரு பங்களா, நாலு நடிகர்கள், ஒரு போலீஸ் ஜீப் இருந்தால் போதும். ஒரு பிணம் விழுந்துவிட்டால் சந்தேகமே கதையை ஒன்றரை மணி நேரம் தள்ளிக்கொண்டு போகும். செட் வேண்டாம், கூட்டம் வேண்டாம், வெளிநாட்டுப் பாட்டு வேண்டாம். விசாரணை என்ற பெயரில் கேமரா எந்த வீட்டுக்குள்ளும் நுழையலாம், யாருடைய பழைய காதலையும் ஃப்ளாஷ்பேக்கில் காட்டலாம். கடைசியில் தப்பு செய்தவர்கள் செத்துப்போனால் தணிக்கைக் குழுவிடம் 'பாடம் சொல்லும் படம்' என்று வாதாடவும் வழி உண்டு. அமெரிக்காவில் 1990-களில் வீடியோ கடைகளுக்கென்றே எடுத்துத் தள்ளிய 'நைட் ஐஸ்', 'கார்னல் கிரைம்ஸ்' வகையறா படங்களும் இதே சிக்கனத்தில் பிறந்தவை. அதற்கும் 30 ஆண்டுகள் முன்பு, ஹிட்ச்காக் தன் தொலைக்காட்சித் தொடரின் ஆட்களை வைத்துக்கொண்டு, சுமார் 8 லட்சம் டாலரில், கறுப்பு வெள்ளையில் 'சைக்கோ' எடுத்தார். உள்ளாடையோடு கதாநாயகி, குளியலறைக் கொலை. அன்றைக்கு அதுவும் மட்டமான சரக்கு என்று முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள்.

பெங்களூரின் பனியில் ஒரு கொலைகாரன்

நம்மூர்ப் பக்கம் இந்த வகையின் உச்சம் எது என்று கேட்டால் என் பதில் 'மூடுபனி'. 1980 தீபாவளிக்கு வந்தது. பாலு மகேந்திரா இயக்கிய மூன்றாவது படம். அதன் களம் இதே பெங்களூர். ராஜேந்திரகுமார் எழுதிய 'இதுவும் ஒரு விடுதலைதான்' என்ற நாவலைத் தழுவியது. பாலியல் தொழில் செய்யும் பெண்களைத் தேடித் தேடிக் கொல்லும் சந்துருவாகப் பிரதாப் போத்தன், அவன் ஊட்டிக்குக் கடத்திக்கொண்டு போகும் ரேகாவாக ஷோபா. கையில் கேமராவோடு திரியும் இளைஞனாக மோகன். அவரும் பெங்களூர் நாடக மேடையிலிருந்து சினிமாவுக்கு வந்தவர்தான். இளையராஜாவுக்கு இது 100-வது படம்.

பாலு மகேந்திராவுக்கு இந்த ஊர் புதிதல்ல. மட்டக்களப்பில் பிறந்து, புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்து வந்த அவர் இயக்கிய முதல் படமான 'கோகிலா' கன்னடப் படம். 1977-ல் வந்து சென்னையிலேயே நூறு நாளைத் தாண்டி ஓடியது. 'மூடுபனி'யில் அவர் பெங்களூரைக் காட்டியிருக்கும் விதம் இன்று பார்த்தாலும் நெஞ்சைப் பிசையும். மரங்கள் இருபுறமும் கவிந்த அகலமான ரோடு, ஆள் நடமாட்டமில்லாத அதிகாலை, ஓட்டுக்கூரை போட்ட காண்டோன்மென்ட் பங்களா, கண்ணாடி ஜன்னலில் பட்டு உள்ளே விழும் மங்கல் வெயில். பெரிய விளக்குகளைக் கொட்டி அடிக்காமல் கிடைத்த வெளிச்சத்திலேயே எடுத்தார். அந்தச் சிக்கனமே அந்தப் படத்தின் அழகாகிவிட்டது. ஷாப்பிங் மாலும் மேம்பாலமும் மெட்ரோ தூணும் இல்லாத ஊர். பழைய பெங்களூர்க்காரர்கள் இந்தப் படத்தைக் கொலைக்காகப் பார்க்கிறார்களா, அந்த ரோடுகளுக்காகப் பார்க்கிறார்களா என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

படம் வந்தபோது ஷோபா உயிரோடு இல்லை. 'பசி' படத்துக்குத் தேசிய விருது பெற்ற அவர் 1980 மே மாதம் மறைந்தார். கொலைகாரனின் வீட்டில் அடைபட்டு அஞ்சி நிற்கும் அந்த முகத்தை அன்று அரங்கில் பார்த்தவர்களுக்கு அது வெறும் நடிப்பாகத் தெரிந்திருக்க முடியாது. ஊட்டி வீட்டில் சந்துரு கிடாரோடு பாடும் அந்தப் பொன் நிலாப் பாட்டு, யேசுதாஸின் குரலில், இன்றும் கல்யாண வீட்டு ஆர்க்கெஸ்ட்ராவில் ஒலிக்கிறது. கடத்திவந்த பெண்ணுக்கு முன்னால் ஒரு தொடர் கொலைகாரன் பாடுவது அது. பாதிப் பேருக்கு இது ஞாபகமே இல்லை. பாட்டு கொலைகாரனை மன்னித்துவிட்டது.

இந்தப் படத்தைப் பற்றிய ரசிகர் கருத்தில் எப்போதும் இரண்டு கட்சி. ஒரு கட்சி, சந்துரு பாவம் என்னும். அப்பா வேசிகளிடம் போனார், அம்மாவை அடித்தார், அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை வேறென்ன செய்யும் என்று கேட்கும். இன்னொரு கட்சி, அம்மாவை அடித்தது அப்பா, செத்தது சம்பந்தமே இல்லாத பெண்கள், இதில் என்ன நியாயம் என்று திருப்பிக் கேட்கும். நான் இரண்டாவது கட்சி. படத்தின் ஒளிப்பதிவுக்கு நூற்றுக்கு நூறு கொடுக்கலாம். அதன் தர்மக் கணக்கு படுமோசம். கொல்லப்படும் பெண்களுக்குக் கதையே இல்லை. கல்யாணம் நிச்சயமான ரேகாவின் உயிருக்காக மட்டும் நாம் பதற வேண்டும் என்று படம் எதிர்பார்க்கிறது, நாமும் பதறுகிறோம்.

'மூடுபனி'க்கு இரண்டு ஆண்டு முன்பு, 1978-ல், பாரதிராஜாவின் 'சிகப்பு ரோஜாக்கள்' போட்டுக் கொடுத்த பாதை இது. கமல்ஹாசன் பணக்கார திலீப். வசப்படும் பெண்களைக் கொன்று தோட்டத்தில் புதைத்து மேலே ரோஜா நடுவார். வசப்படாத ஸ்ரீதேவியைக் கல்யாணம் செய்வார், அவர் தப்பிப்பார். வசனம் பாக்யராஜ். ராஜேஷ் கன்னாவை வைத்து பாரதிராஜாவே இந்திக்குக் கொண்டுபோய் 'ரெட் ரோஸ்' என்று எடுத்தார். இன்று பார்த்தாலும் பங்களாவுக்குள் ஸ்ரீதேவி ஒவ்வொரு கதவாகத் திறக்கும் கட்டத்தில் நாற்காலி நுனிக்கு வந்துவிடுவோம். ஆனால் யார் சாவார்கள், யார் பிழைப்பார்கள் என்பதைப் படம் தொடங்கிய கால் மணி நேரத்தில் சொல்லிவிடலாம். சிரித்துப் பேசி காரில் ஏறுகிற பெண் சாவாள். புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்தும் பெண் பிழைப்பாள்.

அந்தக் காலத்துப் பெட்டிக்கடை நாவல்களைப் படித்தவர்களுக்கு இந்த விதி அத்துப்படி. ஜெயராஜ் வரைந்த ஒய்யாரப் பெண் அட்டையில் இருப்பாள், உள்ளே மூன்றாம் அத்தியாயத்தில் பிணமாகக் கிடப்பாள். 'சிவப்பு விளக்கு எரிகிறது' எழுதிய அதே புஷ்பா தங்கதுரைதான் ஸ்ரீவேணுகோபாலன் என்ற பெயரில் 'திருவரங்கன் உலா'வும் எழுதினார். தமிழ் வாசகருக்கு இரண்டு அலமாரி எப்போதும் உண்டு. ஒன்று கூடத்தில், ஒன்று கட்டிலுக்கு அடியில்.

பிட்டு ஓடிய காலம்

நடுவில் ஒரு இருபது ஆண்டு இந்த வகை வேறு பாதையில் இறங்கிப்போனது. காலைக் காட்சி, 'மலையாளப் படம்' என்ற பொதுப்பெயர், பாதி கறுப்புத் தாள் ஒட்டிய போஸ்டர். ஐ.வி. சசியின் 'அவளுடெ ராவுகள்' 1978-ல் வந்தபோது அது ஒரு முழுமையான படம். பாலியல் தொழிலுக்குத் தள்ளப்பட்ட பெண்ணின் கதையைச் சீமாவை வைத்து நேர்மையாகச் சொன்னது. தமிழ்நாட்டிலும் பெங்களூரிலும் அதன் போஸ்டர் மட்டும்தான் ஞாபகத்தில் நின்றது. 2000-ல் 'கின்னாரத் தும்பிகள்' ஓட்டத்துக்குப் பிறகு ஷகீலா பெயரே ஒரு வகைப் படத்தின் பெயராயிற்று. லட்சங்களில் எடுத்துக் கோடிகளைப் பார்த்த காலம்.

'பிட்டு' என்ற ஆபாசத் துண்டுக் காட்சி எப்படி ஓடியது என்பது இன்றைய இளைஞர்களுக்குத் தெரிந்திருக்காது. தணிக்கைக்குப் போன படத்தில் அந்தக் காட்சி இருக்காது. அது தனியாக ஒரு சின்ன டப்பாவில் மூன்று நான்கு நிமிட 35 எம்.எம். சுருளாக ஆபரேட்டர் ரூமில் இருக்கும். ஒரு ரீல் முடிந்து அடுத்த ரீல் தொடங்கும் இடத்தில் அதை ஒட்டிச் சேர்ப்பார்கள். திரையில் சட்டென்று கலர் மாறும், கோடு கோடாக மழை பெய்யும், ஒலி கரகரக்கும். நடிப்பவர் யாரோ, கதாநாயகியின் முகம் அதில் இருக்காது. முடிந்ததும் இன்ஸ்பெக்டர் விட்ட இடத்திலிருந்து விசாரணையைத் தொடர்வார். போலீஸ் வருவதாகக் காற்றுவாக்கில் சேதி வந்தால் அன்று டப்பா திறக்காது, அரங்கில் கூச்சல் கிளம்பும். சான்றிதழ் வாங்கிய பிறகு படத்தில் கைவைத்துக் காட்டுவது சினிமாட்டோகிராஃப் சட்டத்தின் 7-வது பிரிவின்படி குற்றம். சட்டத்தை விட இதை அதிகம் ஒழித்தது தொழில்நுட்பம். க்யூப், யூ.எஃப்.ஓ. என்று டிஜிட்டல் திரையிடல் வந்தபின் படம் பூட்டுப் போட்ட கோப்பாக வருகிறது. ஆபரேட்டரால் ஒரு நொடியைக்கூட ஒட்ட முடியாது. பிட்டு போனது, அதையே நம்பியிருந்த காலைக் காட்சிக் கொட்டகைகளும் போயின.

அந்தப் படங்களைப் பற்றி ரசிகர் கருத்து என்று ஒன்று இருந்ததா? இருந்தது. ஒரே கேள்விதான்: போட்டானா, போடலையா? கதை என்ற பேச்சே இல்லை. அதனால்தான் அவற்றில் பெரும்பாலானவற்றின் பெயர்கூட இன்று யாருக்கும் சொல்லத் தெரியாது. 'மூடுபனி'யைப் பற்றி 40 ஆண்டு கழித்தும் சண்டை போடுகிறோம்.

கதவைத் தட்டித் தண்ணீர் கேட்ட படம்

ஜீவனஹள்ளியில் இந்த வகைப் பேச்சு சூடாக வேண்டுமானால் 'தண்டுபாளையா' பெயரை எடுக்க வேண்டும். 2012-ல் ஸ்ரீனிவாச ராஜு எடுத்த கன்னடப் படம். ஹொசகோட்டே பக்கத்துக் கிராமத்தின் பெயரைத் தாங்கிய நிஜக் கொள்ளைக் கூட்டத்தின் கதை. 1990-களில் பெங்களூரிலும் சுற்றுப்புறத்திலும் அவர்கள் நடத்திய கொலைகளைச் செய்தித்தாளில் படித்து நடுங்கியவர்கள் இங்கே வீட்டுக்கு வீடு உண்டு. ஆண்கள் வேலைக்குப் போன பகல் வேளை, ஒரு பெண் கதவைத் தட்டித் தண்ணீர் கேட்பாள். உள்ளே போய் எடுத்து வருவதற்குள் பின்னால் கூட்டம் நுழையும். படம் காட்டும் இந்த முறையை ஜீவனஹள்ளியின் லைன் வீடுகளில் வாழும் ஒருவர் கற்பனை செய்து பார்க்கவே வேண்டாம். எல்லா வீட்டுக் கதவும் தெருவைப் பார்த்துத்தான் இருக்கிறது.

'முங்காரு மளே'யில் மழையில் நனைந்த காதலியாகக் கன்னட மனங்களில் இடம்பிடித்த பூஜா காந்தி, இதில் பீடியும் வசையுமாகக் கொலைகாரி லட்சுமியாக வந்தார். அவர் முதுகைக் காட்டிய ஒரு காட்சிக்கு எதிராக ஆர்ப்பாட்டம் நடந்தது. படத்துக்கு அதை விட நல்ல விளம்பரம் கிடைத்திருக்காது. கன்னடத்திலும் தெலுங்கிலும் வசூலைக் குவித்தது, தமிழில் 'கரிமேடு' என்று வந்தது. அந்தக் காலத்தில் பிறமொழிப் படத்தைக் கன்னடத்தில் டப் செய்து வெளியிட இங்கே திரையுலகம் விடாது. கன்னடப் படம் தமிழுக்குப் போகத் தடையில்லை. ஆனால் பெங்களூர்த் தமிழருக்கு 'கரிமேடு' தேவைப்படவில்லை. அவர் அசலையே பார்த்துவிட்டார், ஹொசகோட்டே பஸ்ஸில் ஏறி இறங்குகிற ஊர்க்காரராக.

அந்தப் படத்தைப் பற்றிக் காதில் விழும் கருத்துகள் மூன்று வகை. பயந்துபோய்ப் பார்த்தோம், கதவுக்குச் சங்கிலி போட்டோம் என்பது ஒன்று. போலீஸ் அதிகாரியாக வரும் ரவிசங்கரின் அடி உதையை ரசித்தோம் என்பது இன்னொன்று. மூன்றாவதைப் பெரும்பாலும் பெண்கள் சொல்வார்கள்: பெண்ணைக் கொல்லும்போது கேமரா ஏன் அவ்வளவு பக்கத்தில் போகிறது, ஏன் அவ்வளவு நேரம் நிற்கிறது? படத்தைப் பற்றிச் சொல்லப்பட்டதிலேயே கூர்மையான விமர்சனம் அதுதான். உண்மைச் சம்பவம் என்று பெயர் போட்டுவிட்டால் எதையும் காட்டலாம் என்ற உரிமை வந்துவிடாது. செத்தவர்கள் உண்மையானவர்கள், அவர்கள் வீட்டார் இதே ஊரில் இருக்கிறார்கள். 2017, 2018-ல் அடுத்தடுத்து வந்த பாகங்களில் முதல் படத்தின் பயமும் கரைந்துபோயிற்று, கூச்சல்தான் மிச்சம்.

இதற்கு நேர் எதிரே 2011-ல் வந்த 'ஆரண்ய காண்டம்' நிற்கிறது. தியாகராஜன் குமாரராஜாவின் முதல் படம். கிழட்டு தாதா சிங்கப்பெருமாளின் ஆண்மை அடங்கிப்போன படுக்கையறையில் தொடங்குகிறது. தணிக்கைக் குழு 52 வெட்டுகள் கேட்டது, தீர்ப்பாயம் வரை போய் மீட்டுக்கொண்டு வந்தார்கள். கொட்டகையில் ஓடவில்லை. முதல் பட இயக்குநருக்கான தேசிய விருதும் படத்தொகுப்புக்கான தேசிய விருதும் வாங்கியது. அதில் அடிபட்டு அடைபட்டுக் கிடக்கும் சுப்புவை எல்லா ஆண்களும், நாமும், கடைசிவரை அப்பாவி என்றே நினைத்துக்கொண்டிருப்போம். பணப்பையோடு வெளியே நடந்துபோவது அவள்தான். இந்த வகைப் படத்தில் பெண்ணை மூன்றாம் அத்தியாயத்துப் பிணமாக்காமலும் கதை சொல்லலாம், அதுவும் கெட்டிக்காரத்தனமாகச் சொல்லலாம் என்று காட்டிய படம். ஓடும்போது நாம் பார்க்கவில்லை, இப்போது போனில் பார்த்துவிட்டு ஆகா என்கிறோம்.

'ஏ' என்ற முத்திரையின் விலை

நல்ல படமாகவே எடுத்தாலும் பணம் திரும்புவது ஏன் கஷ்டம்? 'ஏ' சான்றிதழ் வாங்கிய படத்தை அப்படியே தொலைக்காட்சியில் போட முடியாது. மறுபடி வெட்டி, மறு சான்றிதழ் வாங்க வேண்டும். சேனல் உரிமை என்ற பெரிய வருமானம் அங்கேயே சுருங்குகிறது. தமிழ்நாட்டில் 2011-ல் கேளிக்கை வரிவிலக்குக்கு 'யூ' சான்றிதழ் கட்டாயம் என்று ஆக்கியதிலிருந்து 2017-ல் ஜி.எஸ்.டி. வரும்வரை, பெரியவர்களுக்கான படம் எடுத்தவர் வரியையும் சேர்த்துக் கட்டினார். வளர்ந்தவர்களுக்கான கதையை எடுப்பதற்கு அபராதம் போட்ட ஊர் நம்முடையது. நல்ல கைகள் ஒதுங்கிக்கொள்ள, துணிந்தவர்கள் மட்டும் மிஞ்சினார்கள். துணிந்தவர்களில் பலருக்குத் திரைக்கதை எழுதத் தெரியாது.

பிறகு எல்லாம் போனுக்குள் வந்தது. 2021 விதிகளின்படி ஓ.டி.டி. நிறுவனங்கள் வயது வாரியாகத் தாங்களே முத்திரை போட்டுக்கொள்ள வேண்டும். முன்தணிக்கை இல்லை. மும்பையிலிருந்து அரைமணி நேரத் தொடர்களாக மாமியார், மருமகள், கொலை, படுக்கை என்று கொட்டினார்கள். 2024 மார்ச்சில் 18 தளங்களையும், 2025 ஜூலையில் உல்லு, ஏ.எல்.டி.டி. உட்பட 25 தளங்களையும் மத்திய அரசு முடக்கியது. அவற்றுக்காக யாரும் கண்ணீர் விட்டதாகத் தெரியவில்லை. கதை என்ற ஒன்றை அவை பொருட்படுத்தவே இல்லையே.

போன் வந்ததில் ஒரு பெரிய மாற்றம் நடந்திருக்கிறது. கொட்டகைக் காலத்தில் இந்தப் படங்களைப் பற்றிக் கருத்துச் சொன்னவர்கள் ஆண்கள் மட்டும்தான். காலைக் காட்சிக்கு எந்தப் பெண் போயிருக்க முடியும்? வாசலில் நிற்கவே முடியாது. இன்று அதே பெண்கள் வீட்டில், வேலைக்குப் போகும் பஸ்ஸில், காதில் ஹெட்போனோடு கிரைம் த்ரில்லர்களை ஆண்களை விடக் கூர்ந்து பார்க்கிறார்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளும் வேறு. புருஷனைக் கொன்றவள் ஏன் கொன்றாள் என்று படம் ஒழுங்காகச் சொன்னதா? அவளுக்கு ஆசை இருந்தது என்பதே குற்றத்துக்குப் போதுமான காரணமாகிவிட்டதா? 1944-ல் பில்லி வைல்டர் எடுத்த 'டபுள் இண்டெம்னிட்டி'யிலிருந்து 2003-ல் இந்தியில் வந்த 'ஜிஸ்ம்' வரை புருஷனைக் கொல்லத் திட்டம் போடும் மோகினி கடைசியில் சாவாள் என்பதே சட்டம். அந்தச் சட்டத்தை முதலில் சலித்துக்கொண்டவர்கள் பெண் ரசிகர்கள்.

ஆண்கள் பக்கமும் பொய்க் கூச்சம் குறைந்திருக்கிறது. மச்சா, படம் தோப்பு (மோசம்), ஆனா அந்த இன்டர்வெல் ட்விஸ்ட் மட்டும் சக்கத் (பிரமாதம்) என்று டீக்கடையில் சத்தமாகவே சொல்கிறார்கள். ட்விஸ்ட்டைத்தான் சொல்கிறார்கள், கவனியுங்கள்.

குறைந்த பணத்தில் இந்த வகைப் படம் எடுக்க வருகிறவர்களுக்குச் சொல்ல ஒன்று உண்டு. உடம்பைக் காட்டுவதற்குப் போன் இருக்கிறது, இலவசமாக, அளவில்லாமல். அதைக் கொண்டு இனி ஒரு டிக்கெட்கூட விற்க முடியாது. காசு கொடுத்து வருகிறவர் கொலைக்காக வருகிறார். கையிலிருக்கும் சொற்பப் பணத்தில் முதல் செலவை எழுத்தாளருக்குக் கொடுங்கள், போஸ்டருக்குக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

வாசகரிடமும் ஒரு வேண்டுகோள். 'சிகப்பு ரோஜாக்க'ளையோ 'மூடுபனி'யையோ, நேற்று வந்த ஏதோ ஒரு த்ரில்லரையோ பார்த்து முடித்ததும், செத்தவர்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எத்தனை பேருக்குப் படத்தில் பெயர் இருந்தது என்று எண்ணிவிட்டு மார்க் போடுங்கள்.